காலி எண்ணெய்ச் சட்டி, காலியாகாத நாற்காலி

நோன்பு மாதம் வந்துவிட்டால் இந்தோனேசியத் தெருக்களில் பிற்பகலிலேயே எண்ணெய் காயும் வாசனை கிளம்பிவிடும். வாழைப்பழம், டோஃபு, காய்கறி என எதையும் மாவில் தோய்த்துப் பொரித்துக் குவிப்பார்கள். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘கோரெங்கான்’. நம்மூர் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி. 2022 ரமலானில் விழி பிதுங்கி நின்றவர்கள் இந்தத் தள்ளுவண்டிக்காரர்கள்தான்.

உலகிலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கும் நாட்டில் சமையலுக்கு எண்ணெய் இல்லை! லிட்டர் 14,000 ருப்பியாவுக்கு மேல் விற்கக் கூடாது என்று ஜனவரியில் உத்தரவு வந்தது. சரக்கு கடையை விட்டு மாயமானது. ஆளுக்கு 2 லிட்டர்தான் என்று வரிசை நீண்டது. செம்பனைத் தோட்டங்கள் மண்டிய கிழக்குக் கலிமந்தானில், எண்ணெய் வரிசையில் நின்ற ஒரு பெண் மயங்கி விழுந்து இறந்தே போனார். மார்ச் நடுவில் பாக்கெட் எண்ணெய்க்கான விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அலமாரிகள் நிரம்பி வழிந்தன. விலை மட்டும் 20,000 ருப்பியாவைத் தாண்டியிருந்தது. அதுவரை அந்த எண்ணெய் எந்தக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்ததோ!

அடுத்த அடி ஏப்ரல் 1. மதிப்புக்கூட்டு வரி 10 சதவீதத்திலிருந்து 11 ஆனது. அதே நாளில் 92 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 9,000 ருப்பியாவிலிருந்து 12,500-க்குத் தாவியது. தேதியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆளும் கூட்டணியில் சிலர், 2024 தேர்தலைத் தள்ளிவைக்கலாமே என்று ஆரம்பித்தார்கள். கொரோனாவில் படுத்த பொருளாதாரம் எழுந்து நிற்க அவகாசம் வேண்டுமாம். 11 கோடிப் பேரின் சமூக ஊடகப் பேச்சை அலசிப் பார்த்ததில் மக்களும் அதையே விரும்புகிறார்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். அந்தத் தரவைக் காட்டுங்கள் என்றார்கள் மாணவர்கள். காட்டவில்லை.

மாணவரை அங்கே ‘மகாசிஸ்வா’ என்பார்கள். நம் காதுக்கு ‘மகா சிஷ்யன்’ என்றே கேட்கும், வேரும் அதுதான். ஏப்ரல் 11, திங்கட்கிழமை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிறமான மேலங்கிகளை அணிந்து, நோன்பிருந்த வாயோடு ஜகார்த்தா நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள் இந்த மகாசிஸ்வாக்கள். வேறு பல நகரங்களிலும் ஊர்வலங்கள் நடந்தன. அதிபருக்குப் பதவி நீட்டிப்பு கூடாது, எண்ணெய் விலையைக் குறை என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான். ஓட்டுக் கேட்டு வர வேண்டிய தேதி ஒன்று இருக்கும்வரைதான் எண்ணெய் விலை ஆட்சியாளருக்கு உறைக்கும். சாயங்காலம் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியுமாகக் கூட்டம் கலைந்தது.

பச்சை வளைகூரை கொண்ட அதே கட்டடத்தின் உச்சியில்தான் 1998 மே மாதம் இவர்களுடைய அண்ணன்கள் ஏறி நின்றார்கள். அதற்குச் சில நாள் முன்பு திரிசக்தி பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். மே 21 அன்று, 32 ஆண்டு ஆண்ட ஜெனரல் பதவி விலகினார். அப்போதும் எரிபொருள் விலையேற்றம்தான் தீக்குச்சி. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராக முடியாது என்ற விதி அடுத்த ஆண்டு அரசியல் சாசனத்தில் ஏறியது. 2022-இல் தெருவில் நின்ற பிள்ளைகளில் பலருக்கும் அந்த விதிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்போரும் உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு எண்ணெய் உதவியாக 3 லட்சம் ருப்பியா தரப்பட்டது உண்மைதான். ஏப்ரல் 28 முதல் மே 23 வரை பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள். அந்தச் செய்தி கேட்டு நம்மூர் மளிகைக்கடையும் பதறியது.

என் பயம் வேறு. சட்டியில் எண்ணெய் இல்லாதபோது சாசனத்தைக் காக்கக் கூட்டம் வந்தது. எண்ணெய் கிடைக்கத் தொடங்கிய பிறகும் வருமா?

தேர்தல் தள்ளிப்போகவில்லை. 2024 பிப்ரவரி 14 அன்று ஒழுங்காக நடந்தது. இரண்டு முறை ஆண்ட அதிபர் அக்டோபர் 20 அன்று விடைபெற்றார். அன்றே துணை அதிபராகப் பதவியேற்றவர் அவருடைய மூத்த மகன். வயது 37.