ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் ஒரு முழு மெட்டு: 'ஏபிசி' குறிமுறை என்றால் என்ன?

போனில் டைப் செய்யும் சாதாரண எழுத்துகளை வைத்தே ஒரு மெட்டை எழுதி அனுப்ப முடியுமா? முடியும். அயர்லாந்து, இங்கிலாந்து நாட்டுப்புற இசைக் கலைஞர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்துவருகிறார்கள். அதன் பெயர் 'ஏபிசி' குறிமுறை.

யார் உருவாக்கியது?

கிறிஸ் வால்ஷா. ஐந்து கோடு போட்டு எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பைக் கற்கும் முன்பே, கேட்ட மெட்டுகள் மறந்துபோகாமல் இருக்க ஆங்கில எழுத்துகளில் குறித்து வைத்தவர் இவர். அந்த எழுத்துகளை அச்சிடும் இசைத்தாளாக மாற்றும் புரோகிராமை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அது டயல்-அப் இணைய காலம். படம் இறங்க நேரம் பிடிக்கும். எழுத்து சட்டென்று போய்விடும். மின்னஞ்சலிலேயே மெட்டுகள் கைமாறத் தொடங்கின.

எப்படி எழுதுவது?

ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள்தான் ஏழு ஸ்வரங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரு ஸ்தாயி, சின்ன எழுத்து அதற்கு மேல் ஸ்தாயி. எழுத்தை அடுத்து 2 போட்டால் இரு மடங்கு நீளம். தாள அளவு முடியும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு. மெட்டின் பெயர், தாளம் (ஐரிஷ் 'ஜிக்' நடன மெட்டுக்கு 6/8), ஸ்கேல் ஆகியவை மேலே தனித்தனி வரியில். அவ்வளவுதான். ஒரு ஜிக் சில நூறு எழுத்துகளில் அடங்கிவிடும். ஏபிசி படிக்கும் ஆப்பில் ஒட்டினால் இசைத்தாளும் வரும், வாசித்தும் காட்டும்.

இதனால் என்ன லாபம்?

காது வழியே வந்த மெட்டு, தெரிந்தவர் போனால் கூடவே போய்விடும். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ'நீல், 1,850 ஐரிஷ் மெட்டுகளைத் திரட்டி 1903-ல் புத்தகமாக்கினார். ஆனால் அவருக்கு இசைக்குறிப்பு எழுத வராது. அவர் வாசித்துக் காட்ட, எழுதிக் கொடுத்தவர் சக போலீஸ்காரர் ஜேம்ஸ் ஓ'நீல். இன்று அப்படி ஒருவரைத் தேட வேண்டியதில்லை.

நம்ம 'ச ரி க ம'வும் இதுதானே?

கிட்டத்தட்ட. ஆனால் ஏபிசி எழுத்துக்கு ஒலி உயரம் நிலையானது. நம் 'ச' பாடுபவரின் சுருதியைப் பொறுத்தது. கர்நாடக இசையில் காற்புள்ளி ஸ்வரத்தை நீட்டும்; ஏபிசியில் அது கீழ் ஸ்தாயிக்கு இறக்கும்.

எழுத்தில் வராதது எது?

வாசிப்பின் அசைவு. சுப்பராம தீட்சிதர் 1904-ல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் உண்டு. இருந்தும் குருவிடம் கேட்காமல் கமகம் வராது. ஐரிஷ் இசையிலும் அப்படித்தான்: எழுத்து மெட்டின் எலும்புக்கூடு, உயிர் கேட்பதில் இருக்கிறது.

எனவே முதலில் பதிவைப் பலமுறை கேளுங்கள், பிறகு எழுதுங்கள். ஐரிஷ் மெட்டில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பாட்டி பாடும் தாலாட்டை போனில் ரெக்கார்ட் செய்து, ஸ்வரம் தெரிந்த நண்பரோடு உட்கார்ந்து கீழே டைப் செய்து வையுங்கள். ஆடியோ ஃபைலும் எழுத்தும் சேர்ந்திருந்தால், அடுத்த தலைமுறை அதைப் பாடிப் பார்க்க முடியும்.