மிதிக்கப் போட்ட சித்திரம்

பைசா கோபுரத்தை விட்டால் இத்தாலிக் கோயில்களில் எழுத வேறொன்றும் இல்லையா என்று வாசகி ஒருவர் கடிதத்தில் சீண்டியிருக்கிறார். இருக்கிறதம்மா, சியெனா பேராலயம். வெள்ளையும் கரும்பச்சையுமாக வரியோடிய பளிங்குத் தூண்கள், நிக்கோலா பிசானோவின் பிரசங்க மேடை எல்லாம் பயணக் கையேட்டிலேயே கிடைக்கும். 1339இல் ஊராருக்கு ஒரு பேராசை: இருக்கிற கோயிலைக் குறுக்குக் கையாக வைத்துக்கொண்டு அதைவிடப் பெரிதாக ஒன்று கட்டிவிடுவது. 1348இல் கொள்ளைநோய் வந்து ஊரை வாரிக்கொண்டு போனது, வேலை நின்றது. கூரை காணாத அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது தரைதான். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பதித்த 56 பளிங்குச் சித்திரங்கள். ஆரம்பத்தில் வெள்ளைப் பளிங்கில் உளியால் கோடு குழித்து, கறுப்புச் சாந்து அடைத்தார்கள். எங்கள் தாத்தா வீட்டு வாசலில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகையும் அப்படித்தான், வெட்டிய எழுத்துக்குள் கறுப்பு அரக்கு. அப்புறம் பல நிறக் கல்லை வெட்டி இழைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஓவியர் பெக்காஃபூமி வந்து, வெளிர்கல்லையும் சாம்பல் கல்லையும் அடுத்தடுத்து வைத்தே ஓர் உடம்பின் வெளிச்சத்தையும் நிழலையும் காட்டிவிட்டார்.

1505இல் பிந்துரிக்கியோ வரைந்து கொடுத்த ஞானமலையைப் பாருங்கள். பாம்பும் பல்லியும் கிடக்கும் கரட்டுப் பாதையில் ஆட்கள் ஏறுகிறார்கள். உச்சியில் ஞானம் பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் சாக்ரடீஸ். மறுபக்கம் இன்னொரு கிரேக்கத் தத்துவஞானி கிராட்டீஸ், கூடையோடு நகைகளைக் கடலில் கொட்டுகிறார். காணிக்கை வாங்கும் இடத்தில் இதைப் பதிக்கத் துணிச்சல் வேண்டும்!

ஆண்டில் பெரும்பகுதி இவற்றில் பலவும் பலகைக்கு அடியில். கோடையிலும் அதை ஒட்டியும் சில வாரங்கள்தான் திறப்பு. காசு கொடுத்தும் பார்க்க முடியவில்லையே என்று பயணிகள் முணுமுணுப்பதுண்டு. எனக்குப் பலகைமேல் கோபமில்லை. கால்பட்டுத் தேய்ந்த சிலவற்றைப் பெயர்த்துவிட்டு 19ஆம் நூற்றாண்டில் புதுக்கல் பதிக்க வேண்டிவந்தது, மிச்சமாவது பிழைக்கட்டும்.

என் கோபமெல்லாம் ரம்பத்தின்மேல்தான். துச்சோ வரைந்த 'மாயெஸ்தா' பீடப்படத்தை 1311 ஜூன் 9 அன்று ஊரே கடையடைத்து, மணியடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து இங்கே வைத்தது. 1771இல் அதை முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறாக அறுத்தார்கள். பெரும்பகுதி பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறு துண்டுகள் லண்டன், நியூயார்க், வாஷிங்டன் என்று சிதறிவிட்டன. இருக்கிற துண்டுகளைப் பார்க்கக் கிளம்பும் நம்மூர்க்காரருக்கு மூன்று விசா வேண்டும்.