பழைய காரின் கியர்ப் பெட்டியை இல்லத்திலேயே மாற்றுதல்

1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதன்முதல் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 என்னும் சிறு கார் இன்றும் நம் நாட்டுத் தெருக்களில் ஓடக் காண்கின்றோம். எஞ்சின் செவ்வனே இயங்கவும், கியர்ப் பெட்டி ஒன்று பழுதுற்ற காரணத்தால் வண்டி முழுவதையும் பழைய இரும்பின் விலைக்குத் தள்ளிவிடுவாரும் உளர். அஃது எப்போதும் வேண்டுவதன்று. பெட்டியை மாற்றுதற்கு உடல்வலியினும் முறையறிவே பெரிதும் வேண்டும் என்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது.

கியர்ப் பெட்டியாற் பயன் யாது? மெல்லச் சுழலும் எஞ்சினிடத்து ஆற்றல் குறைவு. நின்ற வண்டியை நகர்த்துதற்கும் மேட்டில் ஏற்றுதற்குமோ, சக்கரம் மெல்லவும் வலிவுடனும் சுழலவேண்டும். சிறிய பற்சக்கரம் பெரியதொன்றைச் சுழற்றின், வேகம் குறைந்து திருகுவலி மிகும். இவ்வுண்மையைக் கொண்டு, வெவ்வேறு அளவினவாய பற்சக்கர இணைகளை ஓர் உறையுள் எண்ணெயில் தோய அமைத்ததே கியர்ப் பெட்டியாம். அதனை எஞ்சினோடு வேண்டும்போது சேர்த்தும் பிரித்தும் வைப்பது கிளச்சு. மாருதி 800 முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. ஆதலின் பெட்டி எஞ்சினின் பக்கத்தே பொருந்தி, அச்சக்கரங்களுக்குச் செல்லும் ஆக்ஸில் தண்டுகள் இரண்டையும் ஏற்று நிற்கும்.

நோயறியாது மருந்திடல் தகாது. எஞ்சின் விரைந்து சுழன்றும் வண்டி வேகங்கொள்ளாவிடின் தேய்ந்தது கிளச்சுத் தட்டே. கிளச்சு மிதியை அழுத்தும்போது மட்டும் ஒலி எழுமாயின், ரிலீஸ் பேரிங்கு பழுதென்க. எல்லாக் கியர்களும் இடர்ப்பட்டு விழுமாயின், முதற்கண் கிளச்சுக் கேபிளையும் கியர்த் தண்டின் புஷ்களையும் நோக்குக. எம் இல்லத்து வண்டியிலோ மூன்றாம் கியர் மட்டும் ஓடும்போதே நழுவிற்று. ஒலியும் அக்கியரிலேயே மிகுந்தது. பெட்டியினுள்ளேதான் தேய்வு என்று துணிதற்கு அவையிரண்டும் போதியவாயின. மாற்றுப் பெட்டி வாங்குவோர், தம் வண்டிக்குரியது நான்கு கியருடையதோ ஐந்து கியருடையதோ என்பதனைத் தெளிந்தே வாங்குதல் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் உயிர்க்காவல் தேடுக. ஜாக்கி வண்டியை உயர்த்துதற்கே உரியது, தாங்குதற்கு உரியதன்று. சமதளமான சிமெண்டுத் தரையில், பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வலிய இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இருத்தி, அசைத்துப் பார்த்த பின்னரே அடியிற் புகுதல் வேண்டும். செங்கல்லை நம்பற்க, அது திடீரென நொறுங்கும். இருவர் இன்றி இவ்வேலையை மேற்கொள்ளற்க.

பின்னர்ப் பேட்டரியின் கம்பியைக் கழற்றி, கியர் எண்ணெயை வடித்துவிடுக. கிளச்சுக் கேபிள், வேகமானிக் கேபிள், பின்விளக்குக் கம்பி, கியர்த் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றை முறையே விடுவித்து, ஆக்ஸில் தண்டுகளை நெம்பி வெளியே எடுக்க. பெட்டியைத் தாங்கும் மவுண்டு எஞ்சினின் சுமையையும் ஒரு பங்கு தாங்குவதாகலின், அதனைக் கழற்றுமுன் எஞ்சினின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் முட்டுக் கொடுத்தல் இன்றியமையாதது. போல்ட்டுகள் நீளத்தால் வேறுபடும். ஓர் அட்டையிற் பெட்டியின் வடிவத்தை வரைந்து, அவ்வவற்றை அவ்வவ்விடத்தே குத்தி வைத்தல் நன்று. யாமும் எம் தமையனாரும் அங்ஙனஞ் செய்தமையால், பூட்டும்போது ஒன்றையும் தேட நேர்ந்திலது.

பெட்டி இறங்கியவழி, கிளச்சுத் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் எண்ணெய்ச் சீல்களையும் ஆராய்ந்து தேய்ந்தவற்றை மாற்றுக. இவற்றின் விலை சிறிது, இவற்றிற்காக மீண்டும் பெட்டியை இறக்கும் உழைப்போ பெரிது.

ஏற்றுதலே இப்பணியின் உயிர்நிலை. கிளச்சுத் தட்டு நடுவில் நில்லாதாயின், பெட்டியின் தண்டு அதன் துளையுட் புகாது. ஆகவே அதற்குரிய நடுக்கோலைச் செருகித் தட்டை நேர்நிறுத்திய பின்னரே அழுத்துதட்டை முடுக்குதல் வேண்டும். பெட்டியை நேரே தூக்கித் தள்ளுங்கால் தண்டின் வரிப்பற்கள் தட்டின் வரிப்பள்ளங்களோடு பொருந்தாவிடின், தண்டைச் சிறிது திருப்பி மீண்டும் தள்ளுக. இரு முகங்களும் கையாலேயே ஒன்றோடொன்று சேர்தல் வேண்டும். இடைவெளி இருக்கவே போல்ட்டை முடுக்கி இழுப்பார் பெட்டியின் காதையேனும் தட்டின் நடுப்பகுதியையேனும் உடைப்பர். பெட்டியின் பாரம் தண்டின்மேல் தொங்கவும் விடலாகாது. இங்கே விரைவு பகை, பொறுமையே துணை.

எல்லாம் பூட்டியபின் உரிய எண்ணெயை உரிய அளவில் ஊற்றுக. எண்ணெயின்றிச் சிறிது தொலைவு ஓடினும் புதிய பெட்டி பழையதினும் கெடும். கிளச்சு மிதிக்குரிய தளர்வையும் சரிசெய்து, வண்டி தாங்கிகளின்மேல் இருக்கும்போதே ஒவ்வொரு கியரும் விழுகின்றதா என்று தேர்ந்து, பின்னர் இறக்குக.

தாங்கியும் துணையும் இல்லாதார் பட்டறையை நாடுதலே அறிவுடைமை. வண்டியினும் உயிர் பெரிதன்றோ! அவை உடையாரோ அஞ்சவேண்டுவதில்லை. கழற்றிய முறையை நினைவிற் கொண்டு அதனைத் தலைகீழாகப் பின்பற்றுவார்க்குப் பழைய வண்டி பின்னும் பல்லாண்டு பயன்படும்.