அணையைத் துண்டு போடும் கணக்கு

அனுமந்தன்பட்டி வயல்களுக்கு வரும் தண்ணீர், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) சேர்ந்த அந்த அணையின் பலத்தைக் கணினியில் ஆராய, அதன் உருவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகவும் நாற்கரங்களாகவும் பிரிக்க வேண்டும். இதுதான் மெஷ்.

ஏன் அதைச் சரிபார்க்க வேண்டும்? ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தகைவு (stress) எளிமையாகவே மாறுவதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. துண்டு பெரிதாகவோ ஊசிபோல் நீண்டோ இருந்தால் விடை பிசகும். பெரும்பாலும் எச்சரிக்கைகூட வராது. 1991 ஆகஸ்டில் நார்வேயின் ஸ்லைப்னர் ஏ கான்கிரீட் கடல்மேடை மூழ்கியது. சுவர்கள் கூடும் இடத்தில் மெஷ் சரியில்லாததால், நறுக்குத்தகைவு (shear stress) 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது.

எப்படிச் சீராக்குவது? கோணங்களையும் நீள அகல விகிதத்தையும் பார்த்து, கோணலானவற்றைத் திருத்த வேண்டும். பிறகு துண்டின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்ட வேண்டும். விடை அசையாமல் நின்றால் மெஷ் போதும்.

அணையின் அடிமூலை மட்டும் இதற்கு அடங்காது. கூர்மூலையில் நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். அங்கே அந்த உச்ச எண்ணை விட்டுவிட்டு, விரிசல் எவ்வளவு தூரம் நீளும் என்று கணக்கிடுவதே நேர்மையான வழி என்பேன்.