நாக்கிலா, மூக்கிலா குறை?

“காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகிறது டாக்டர், நாக்கு இன்னும் செத்துத்தான் கிடக்கிறது” என்று சொல்லி வருவோரில் பெரும்பாலோரின் நாக்கு நலமாகவே இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றை அறிவது நாக்கு. ரசத்தின் சீரக மணமோ, தொண்டையின் பின்வழியாக மூக்கின் மேற்பகுதிக்கு ஏறிய பின்னரே உணரப்படுகிறது. சளிக்காய்ச்சலும் கோவிட்-19 தொற்றும் பெரும்பாலும் பாதிப்பது இந்த மண உணர்வையே.

இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏலக்காய் சேர்த்த வெல்லத்தில் ஒரு துளியை நாக்கில் வையுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் மணம் எழ வேண்டும். எழாவிட்டால் குறை மூக்கில் எனக் கொள்ளலாம். தைலத்தையோ கற்பூரத்தையோ முகர்ந்து சோதிக்க வேண்டாம். அவற்றின் உறைப்பை முகத்தின் உணர்நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். மணத்தை அறவே இழந்தவரும் “தெரிகிறது” என்பார்.

மருத்துவமனையில் முதலில் உள்நோக்கிக் கருவியால் மூக்கினுள் வீக்கமோ சதை வளர்ச்சியோ உண்டா என்று பார்ப்போம். பிறகு மணமூட்டிய பேனாக்களைக் கொண்டு மூன்று சோதனைகள்: எவ்வளவு மெல்லிய மணம் எட்டுகிறது, மூன்றில் வேறானது எது, நான்கு பெயர்களில் பொருந்துவது எது. ஒவ்வொன்றுக்கும் 16 என மொத்தம் 48 மதிப்பெண். 16க்கு மேற்படாவிடின் மண உணர்வு ஏறத்தாழ இல்லை எனலாம். விடை தெரியாவிட்டாலும் ஊகித்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேல்நாட்டுத் தொகுப்புகளில் நம்மவர் அறியாத மணங்களும் உண்டு. பெயர் தெரியாமையை இழப்பெனக் கொள்ளலாகாது. நாக்கைத் தனியே சுவைத் துளிகளால் சோதிப்போம்.

தம் மண உணர்வைத் தாமே மதிப்பிடுவோர் அடிக்கடி தவறிவிடுகின்றனர். எனவேதான் இந்த அளவீடு. முகர்தல் பயிற்சியின் பலனை அறியவும் இதுவே அளவுகோல். 2009இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட முறைப்படி ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றை நாள்தோறும் இருவேளை, 12 வாரங்கள் முகர வேண்டும். (சோதனைக்கு ஆகாத தைலம் பயிற்சிக்கு ஆகும்!) இடையில் காபி கருகல் நாற்றமாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம், மீளும் காலத்தில் இத்தகைய திரிபு பலருக்கு வருவதுண்டு.

அதுவரை வீட்டில் எரிவாயுக் கசிவு காட்டும் கருவி பொருத்துங்கள். கசிவை உணர்த்தவென்றே எரிவாயுவில் சேர்க்கப்படும் நாற்றம் உங்களுக்கு எட்டாது. மிஞ்சிய உணவைப் பிறர் முகர்ந்து பார்த்த பின் உண்ணுங்கள். தலையில் அடிபட்ட பின்போ ஒரு நாசியில் மட்டுமோ மணம் போயிருந்தால், அல்லது மூக்கில் இரத்தம் வந்தால், காத்திராமல் வாருங்கள்.

சோதனை நாளில் வாசனைத் திரவியமும் வெற்றிலைபாக்கும் வேண்டாம். வீட்டாரில் ஒருவர் உடன் வரட்டும். மணமின்மையை ஈடுகட்ட நீங்கள் குழம்பில் உப்பைக் கூட்டியதை முதலில் கவனித்தவர் அவராகவே இருக்கக்கூடும்.