தனித்தனியே சரி, சேர்ந்தால் கோளாறு

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஓடும் நிட்டிங் மெஷினில் துணியில் குறுக்குக் கோடு விழுந்தால், அது எத்தனை வரிசைக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று பார்த்துக் கோளாறான ஃபீடரைத் தேடலாம். லினக்ஸ் கணினியின் திரை உறையும்போது தேடல் இன்னும் கடினம். அங்கே பல சமயம் எதுவும் தனியாகப் பழுதாகியிருக்காது. இரண்டு சேர்ந்துதான் மோதும்.

2017 அக்டோபர் முதல் உபுண்டுவின் இயல்பான திரைச்சூழல் க்னோம். அதில் கூடுதல் வசதிகளைச் சேர்ப்பவை எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சிகள். கைப்பேசியில் ஒரு செயலி இன்னொன்றின் நினைவகத்தைத் தொட முடியாது. க்னோம் நீட்சிகளோ திரையை நடத்தும் ஒரே நிரலுக்குள் ஓடி, அதன் உள்வேலைகளையே மாற்றுகின்றன. முதல் நீட்சி மாற்றியதன்மேல் இரண்டாவது மாற்றுகிறது. முதலாவது விலகி, பழையதைத் திருப்பி வைத்தால் இரண்டாவதன் வேலையும் அழியும். இதற்காகவே க்னோம், ஒன்றை அணைக்கும்போது அதற்குப் பின் வந்தவற்றை எல்லாம் அணைத்து, பிறகு வரிசையாக மீண்டும் இயக்குகிறது. ஆனாலும் டேஷ் டு டாக், டேஷ் டு பேனல் போல ஒரே பட்டியைக் கேட்கும் இரண்டை அதனால் சமாதானப்படுத்த முடியாது.

முதலில் எல்லா நீட்சிகளையும் அணையுங்கள். கோளாறு நீடித்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அண்மையில் க்னோமைப் புதுப்பித்திருந்தால், நீட்சி அந்தப் பதிப்புக்கு ஏற்றதா என்று பாருங்கள். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றியதால் பழையவை அதில் இயங்காது.

இவை இரண்டும் இல்லையென்றால் பாதியாகப் பிரியுங்கள். 16 நீட்சிகளில் 120 ஜோடிகள் உண்டு; ஒவ்வொன்றாகச் சோதித்து மாளாது. எட்டெட்டாக இயக்குங்கள். ஒரு பாதியில் கோளாறு வந்தால் அதையே மேலும் பிரிக்கலாம். இரண்டுமே சரியாக ஓடினால், பாதிக்கு ஒன்றாக ஜோடி பிரிந்திருக்கிறது. முதல் எட்டை அப்படியே ஓடவிட்டு, இரண்டாம் எட்டைப் பாதி பாதியாகச் சேர்த்தால் மூன்று சோதனையில் ஒரு கூட்டாளி சிக்கும். அதை வைத்துக்கொண்டு முதல் எட்டையும் அதேபோல் பிரித்தால் இன்னும் மூன்று. மொத்தம் 8 சோதனைதான். ஜெர்மன் ஆய்வாளர் ஆந்த்ரேயாஸ் செல்லர் 1999இல் விளக்கிய பிழைதேடும் முறையின் சாரம் இதுவே. ஒவ்வொரு சோதனைக்கும் முன் வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். ஒருமுறை ஏறிய நிரல் அதுவரை நினைவகத்தை விட்டு இறங்குவதில்லை.

ஜோடி தெரிந்ததும் ஒன்றை நீக்கிவிட்டு நின்றுவிடாதீர்கள். இரு நீட்சிகளின் பெயர், பதிப்பு, க்னோமின் பதிப்பு ஆகியவற்றை, அந்த நீட்சிகளை எழுதிய இருவருக்கும் தெரிவியுங்கள். தன் நீட்சியை மட்டும் ஓட்டிப் பார்க்கும் ஒருவரின் கண்ணில் இந்த மோதல் படவே படாது.