இணையம் இல்லாமல் ஊருக்கே செய்தி

தோட்டத்துச் செய்திகளை ஒருகாலத்தில் அதிகாலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் நேரத்தில், வாய்மொழியாகச் சொல்வார்கள். மலேசியாவின் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய 1929-இல் கைப்பேசி ஏது?

இப்போது அந்த வேலையை, விரல் நீளமே உள்ள ஒரு யூஎஸ்பி மோடமும் மடிக்கணினியும் இணையம் இல்லாமலே செய்துவிடும். மோடத்துக்குள் இருப்பது சாதாரண சிம் அட்டைதான். கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞை எட்டினால் போதும். மடிக்கணினியில் உள்ள மென்பொருள் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லி மோடத்துக்குக் கட்டளையிடும். ஒரு செய்திக்குச் சில நொடிகள் ஆகும். நூறு பேர் என்றால் பொறுமை வேண்டும். பதில்களும் அதே திரைக்கு வந்து சேரும்.

பிரிட்டனைச் சேர்ந்த கென் பேங்க்ஸ் 2005-இல் உருவாக்கிய ஃபிரண்ட்லைன் எஸ்எம்எஸ் இவ்வகை மென்பொருள்களில் பெயர்பெற்றது. 2007 நைஜீரியத் தேர்தலில் தன்னார்வக் கண்காணிப்பாளர்களின் தகவல்களை அதுவே திரட்டியது. அதைத் தொண்டு அமைப்புகளுக்கு இலவசமாகக் கொடுத்தது பெரிய காரியம்.

கேமரன் மலைக்கும் இது தேவை. 2013 அக்டோபர் 23 பின்னிரவில் அங்குள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. உயிர்கள் போயின. அப்படிப்பட்ட இரவில் செய்தி அவரவர் மொழியில், கைக்கே வர வேண்டும்.

ஆனால் தமிழுக்கு இடம் குறைவு. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். மலாயிலோ ஆங்கிலத்திலோ 160 எழுத்துகள் அடங்கும். யூனிகோடு தமிழில் 70 குறியீடுகள்தான். ‘கொ’ என்ற ஓரெழுத்தே இரண்டு குறியீடுகளை எடுத்துக்கொள்ளும். “அணை திறப்பு. ஆற்றோரம் வேண்டாம். உடனே மேட்டுக்குப் போங்கள்.” இடைவெளி, புள்ளி சேர்த்து இது 58. ஒரே செய்தியில் போய்விடும்.